சைஸ் எண்ணைப் பார்க்காதீர்கள், கையைத் தூக்கிப் பாருங்கள்
வாசகியர் கேள்வி – பதில்: அறுபதுக்குப் பிறகு உடை வாங்குவது

அறுபதைத் தாண்டிய பெண்கள் உடை வாங்குவதில் படும் சிரமங்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, தையலும் துணியும் அறிந்தவர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள். பல கடிதங்களில் ஒரே தொனி: "என் உடம்புக்கு எதுவுமே சரியாக அமைவதில்லை." உடம்பின் மேல் குறையில்லை. பெரும்பாலான ரெடிமேட் உடைகள் நிமிர்ந்து நிற்கும் இளம் உடலை வைத்து வெட்டப்படுகின்றன. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: எனக்கு 67 வயது. பல ஆண்டுகளாக ஒரே சைஸ் குர்த்திதான் வாங்குகிறேன். எடையும் கூடவில்லை. ஆனால் இப்போது பின்பக்க விளிம்பு மேலே ஏறிக்கொள்கிறது. முன்பக்கம் கழுத்துக்குக் கீழே துணி மடிந்து தொளதொளவென்று நிற்கிறது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் தோள் இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

எடை மாறாவிட்டாலும் வடிவம் மாறும். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டுகள் தேய்வதால் உயரம் குறைகிறது, மேல்முதுகு கொஞ்சம் வளைகிறது, தோள் முன்னுக்கு வருகிறது. அதனால் முதுகுப் பக்கம் துணி அதிகம் தேவைப்படுகிறது, முன்பக்கம் குறைவாகவே தேவைப்படுகிறது. ஒரு சைஸ் கூட்டினால் துணி எல்லாப் பக்கமும் கூடும். உங்களுக்குத் தேவை பின்பக்க நீளம் மட்டுமே. பெரிய சைஸ் உதவாததற்குக் காரணம் இதுதான்.

முதலில் இரண்டு அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொள்ளுங்கள். பின்கழுத்தில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து நாடா வரை ஒன்று. கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பின் மேலாக நாடா வரை இன்னொன்று. இளம் வயதில் பெரும்பாலும் முன்நீளம் ஒன்று, ஒன்றரை இன்ச் கூடுதலாக இருக்கும். இப்போது இரண்டும் சமமாகவோ, பின்நீளம் அதிகமாகவோ இருக்கலாம். இந்த அளவை நீங்களே எடுக்கக் கூடாது. டேப்பைப் பார்க்கக் குனிந்ததுமே அளவு மாறிவிடும். வேறொருவர் எடுக்கட்டும். நீங்கள் இயல்பாக நில்லுங்கள், வலிந்து நிமிர வேண்டாம். உள்ளே வழக்கமாகப் போடும் பிராவோடுதான் அளக்க வேண்டும்.

தைத்துப் போடுபவராக இருந்தால் இந்த இரண்டு அளவையும் தையல்காரரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள். அவர் பின்பக்கத் துண்டில் தோள்பட்டை மட்டத்தில் அரை முதல் ஒரு இன்ச் நீளம் கூட்டி வெட்டி, மேலே மிஞ்சும் துணியைப் பின்கழுத்தில் இரண்டு சிறு டாட் (கூம்பாகக் குறுகும் மடிப்புத் தையல்) பிடித்து அடக்க வேண்டும். தோள் தையலை அரை இன்ச் முன்னால் தள்ளி வைத்தால் உடை பின்னால் வழுக்காது.

ரெடிமேடில் ஒரு வழி உண்டு. தோள் தையலைப் பிரித்து, முன்பக்கத் துண்டை மட்டும் அரை இன்ச் மேலே தூக்கித் தைப்பது. முன்பக்கத் தொளதொளப்பு போய்விடும். ஆனால் கழுத்தும் அரை இன்ச் ஏறும், கைக்குழியும் (கையைப் பொருத்தும் துளை) சிறிதாகும். எனவே கழுத்து இறக்கமாக, கைக்குழி தாராளமாக உள்ள உடையில்தான் இதைச் செய்யலாம். கையையும் பிரித்துத்தான் சேர்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அக்குளில் இறுக்கும்.

விளிம்பு ஏன் ஏறுகிறது என்று தெரியாவிட்டால் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, பக்கத் தையலைப் பாருங்கள். அது நேராகத் தொங்க வேண்டும். கீழே போகப் போகப் பின்னால் சாய்ந்தால் முதுகுக்குத் துணி போதவில்லை. முன்னால் சாய்ந்தால் வயிற்றுக்குப் போதவில்லை. பலர் இரண்டாவதை முதலாவது என்று நினைத்துத் தவறான இடத்தில் பிரித்துவிடுகிறார்கள்.

கடையில் தேடும்போது கழுத்திலிருந்தே சாய்வாக வரும் ராக்லன் கை, கீழே விரியும் ஏ-லைன் வெட்டு, பக்கத்தில் ஸ்லிட், தொய்ந்து விழும் துணி ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். விறைப்பான துணி சின்ன அளவுப் பிழையையும் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உடையைச் சரிசெய்வதைவிட அது அவசரம்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. வலது தோள் இறுகிப்போய்க் கை மேலே போகாது. விரல்களிலும் மூட்டுவலி. ப்ளவுஸ் போடுவதே பெரிய பாடாக இருக்கிறது. எப்படிப்பட்டது வாங்கலாம்?

தலை வழியாகப் போடுவது எதுவும் வேண்டாம், பின்னால் கொக்கி வேண்டாம். ப்ளவுஸோ, நைட்டியோ, மேல்சட்டையோ, முன்பக்கம் முழுவதும் திறக்க வேண்டும். நைட்டி வாங்கும்போது ஜிப் மார்போடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். இடுப்பு வரை இறங்கினால்தான் காலை விட்டு மேலே இழுத்துப் போட்டுக்கொள்ள முடியும்.

கைக்குழியின் ஆழத்தைக் கவனியுங்கள். கை தூக்க முடியாதவருக்குக் கைக்குழி அக்குளிலிருந்து ஒன்றரை இன்ச்சாவது இறங்கியிருக்க வேண்டும். இருக்கிற ப்ளவுஸ்களைத் தூக்கிப் போட வேண்டாம். அக்குளில் தையலைப் பிரித்து, 3 இன்ச் பக்கமுள்ள சதுரத் துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்துத் தைத்தால் கை அசைய இடம் கிடைக்கும். வெளியே தெரியாது.

எதை வைத்து மூடுவது? விரல் வலிக்குச் சிறு கொக்கிகள்தான் முதல் எதிரி. பட்டன் என்றால் 2 செ.மீ. அகலம், விளிம்பு மேடாக, துணியிலிருந்து சற்று எழும்பி நிற்கும்படி நூல் சுற்றித் தைத்தது. டிச் பட்டனைத் துளையில் நுழைக்க வேண்டியதில்லை, ஆனால் அழுத்த விரலில் பலம் வேண்டும், பிரிக்கவும் பலம் வேண்டும். அம்மாவை ஒன்றை அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள். ஜிப்பானால் நுனியில் ஒரு வளையம் மாட்டிவிடுங்கள். விரல் நுழைந்தால் போதும், கிள்ளிப் பிடிக்க வேண்டியதில்லை.

வெல்க்ரோ மிக எளிது. ஆனால் சொரசொரப்பான பாதி உடம்புப் பக்கம் பார்க்கக் கூடாது, மென்மையான பாதிதான் உள்ளே வர வேண்டும். துவைக்கும் முன் மூடிவிடவும். இல்லையென்றால் மற்றத் துணிகளில் ஒட்டி நூலை இழுக்கும், நூல் அடைந்து பிடிப்பும் போய்விடும். முழுப் பட்டியாக வைக்காமல் ஒரு இன்ச் துண்டுகளாக நான்கைந்து இடத்தில் வைத்தால் மார்பில் விறைத்து நிற்காது. மேலே அழகுக்குப் பழைய பட்டன்களைத் தைத்துவிட்டால் சாதாரண ப்ளவுஸ் போலவே இருக்கும். இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். ஆனால் நோயாளி உடை போட்டிருக்கிறோம் என்ற எண்ணம் வராமல் இருப்பது அம்மாவுக்கு முக்கியம்.

போடும்போது வலியுள்ள கையை முதலில் விடவும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவும்.

கேள்வி: டிரயல் ரூமில் நன்றாக இருப்பது வீட்டுக்கு வந்தால் பிடிப்பதில்லை. நின்று போட்டுப் பார்க்கவும் சோர்வாக இருக்கிறது.

கண்ணாடி முன் அசையாமல் நின்று பார்த்தால் எல்லா உடையும் நன்றாகத்தான் இருக்கும். போட்டதும் இவற்றைச் செய்து பாருங்கள்: இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளுங்கள், முதுகில் இழுக்கக் கூடாது. மேல்தட்டில் எதையோ எடுப்பதுபோல் கையைத் தூக்குங்கள், மொத்த உடையும் இரண்டு இன்ச்சுக்கு மேல் ஏறினால் கைக்குழி சரியில்லை. உட்காருங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும், ஸ்லிட் விரிந்து இழுக்கக் கூடாது. கடைசியாக இரண்டு படி ஏறுவதுபோல் முழங்காலைத் தூக்குங்கள். காலில் துணி மாட்டினால் அது வீட்டில் விழ வைக்கும் உடை. நைட்டி, பாவாடை, பேன்ட் எதுவானாலும் விளிம்பு தரையிலிருந்து இரண்டு இன்ச் மேலே இருக்க வேண்டும். வெறுங்காலில் அளந்து பாருங்கள், வீட்டில் செருப்பின்றித்தான் நடப்பீர்கள்.

உட்காரும்போது பின்புறச் சுற்றளவு கூடும். நின்று ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை அளந்து, பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

சோர்வுக்கு: கடை திறந்தவுடன் போங்கள். முன்பக்கம் திறக்கும் மேலாடையும் எளிதில் கழலும் செருப்பும் போட்டுக்கொண்டு போங்கள். டிரயல் ரூமில் நாற்காலி கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் போடுவார்கள். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் உள்ளே எடுத்துப் போகாதீர்கள். நான்காவது உடைக்கு வரும்போது 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற நிலைக்கு வந்துவிடுவோம். அலமாரியில் சும்மா கிடக்கும் உடைகளில் பல அப்படி வாங்கியவைதான்.

கேள்வி: வெளிப்படையாகக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. 40 வயதில் வாங்கிய பிரா அளவுதான் இன்னும். தோளில் பட்டி அழுத்தித் தழும்பு விழுந்திருக்கிறது.

சங்கடப்படத் தேவையே இல்லாத கேள்வி. பலரும் கேட்காமல் வலியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்பைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு கீழே சுற்றிவரும் பட்டியுடையது. அது தளர்ந்துவிட்டால் சுமை தோளுக்கு ஏறும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். கண்ணாடியில் முதுகைப் பாருங்கள். பின்பட்டி முன்பட்டியைவிட மேலே ஏறியிருந்தால் பட்டி பெரிது. தோள்வாரை இறுக்குவதால் அது சரியாகாது, இன்னும் மேலே ஏறும்.

மார்புக்குக் கீழே, மூச்சை விட்ட நிலையில் டேப்பை ஒட்டிப் பிடித்து அளக்கவும். அது பட்டி அளவு. பிறகு இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, மார்பின் முழுச் சுற்றை அளக்கவும். வயதில் மார்பு தளர்வதால் நிமிர்ந்து நின்று அளந்தால் குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்: ஒரு இன்ச் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் மாறும் என்பதால் இதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

புதியதைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வானதில், போட்டால் சரியாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே வரலாம். பட்டிக்குக் கீழே இரண்டு விரல் நுழையலாம், கைமுட்டி நுழையக் கூடாது. தோள்வார் 2 செ.மீ.க்குக் குறையாத அகலம். கம்பி வைத்தது கட்டாயமில்லை. தோள்வலி இருந்தால் முன்கொக்கி வைத்தது வாங்குங்கள், தலை வழியாகப் போடும் வகை வேண்டாம். மிக உள்ளே உள்ள கொக்கியில் போட்டும் ஏறினால் அதன் காலம் முடிந்தது.

மார்புக்குக் கீழே வியர்த்துச் சிவந்து அரித்தால், அந்த இடத்தில் பருத்தி படும்படியான பிராவை எடுத்து, ஈரமானால் உடனே மாற்றுங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவர். பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மார்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு செயற்கை மார்பகம் வைக்க உள்ளே பை வைத்துத் தைத்த பிராக்கள் தனியாகக் கிடைக்கின்றன. தழும்பு முழுதாக ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகே அளவெடுக்க வேண்டும்.

கேள்வி: உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில் கறுத்துப்போய் அரிக்கிறது. எலாஸ்டிக் போட்டால் புடவை நழுவுகிறது.

மெல்லிய கயிறு ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அழுத்துவதால் வருவது. அலட்சியம் வேண்டாம். அந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அரிதாக அது புற்றாக மாறியதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இடுப்புப் பட்டி இரண்டு இன்ச் அகலமாக இருக்க வேண்டும். நாடாவும் கயிறாக இல்லாமல் முக்கால் இன்ச் பட்டை நாடாவாக மாற்றுங்கள். முடிச்சைத் தினமும் ஒரே பக்கம் போடாமல் இடம் மாற்றுங்கள். எலாஸ்டிக் மட்டும் நழுவும் என்பது உண்மை. ஆகவே பின்பக்கம் எலாஸ்டிக், முன்பக்கம் தட்டையான பட்டி, பக்கத்தில் அகலக் கொக்கி என்று கலந்து தைக்கச் சொல்லுங்கள். வழவழப்பான சாட்டினைவிடப் பருத்திப் பாவாடையில் புடவை பிடித்து நிற்கும். கனமான புடவைகளைக் குறைப்பதும் பாதி மருந்து. வாங்கும்போது மடித்த புடவையை ஒரு கையில் ஏந்திப் பாருங்கள். கையிலேயே பாரமாக இருந்தால் இடுப்பு நாள் முழுக்கத் தாங்காது.

கேள்வி: திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, அடுத்த நிமிடம் குளிர்கிறது. தோலும் மெலிந்து எல்லாத் துணியும் உறுத்துகிறது.

ஒரு தடிமனான உடைக்குப் பதில் இரண்டு மெல்லியவை. உள்ளே கையில்லாத பருத்தி, மேலே முன்பக்கம் திறக்கும் ஒன்று, நினைத்தவுடன் கழற்றலாம். மரக்கூழிலிருந்து செய்யும் மோடல், விஸ்கோஸ் துணிகள் இரண்டும் மென்மை, வியர்வையை உறிஞ்சும். ஆனால் விஸ்கோஸ் ஈரத்தில் பலம் குறையும், முறுக்கிப் பிழிந்தால் கிழியும். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. லேபிளில் அதன் பங்கு பாதிக்கு மேல் என்றால் உடலோடு ஒட்டிய உடைக்கு வேண்டாம்.

உறுத்துவது பல சமயம் துணியே அல்ல, உள்தையல். உடையை உள்பக்கம் திருப்பி, அக்குள், பக்கத் தையல், பின்கழுத்து லேபிள் ஆகியவற்றை முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கை தடித்த தோல், அதற்குத் தெரியாது. அப்படியே உள்தையலில் அரை இன்ச் துணி விட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் பின்னால் பிரித்துவிட முடியும். கசங்குமா என்று அறிய, ஓர் ஓரத்தைப் பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். மடிப்பு அப்படியே நின்றால் நாள் முழுக்க நிற்கும்.

முன்கூட்டிச் சுருக்காத பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கலாம். 40 இன்ச் நீள நைட்டி ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு இன்ச் வரை குறையும். நனைத்துக் காயவைத்த பிறகே நீளத்தை வெட்டச் சொல்லுங்கள்.

சமையலறையில் தொங்கும் அகலக் கையும் மேல்துண்டும் வேண்டவே வேண்டாம். செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், தளர்ந்த பருத்தியும் சட்டென்று பிடிக்கும்.

கேள்வி: கருநீலம் என்று வாங்கினேன், வீட்டில் கறுப்பு என்கிறார்கள். இந்த வயதில் சிவப்பு போடலாமா என்றும் தயக்கம்.

வயதில் கண்ணின் லென்ஸ் மஞ்சளாவதால் நீலச் சாயல்கள் மங்கும். கருநீலம், கறுப்பு, கரும்பச்சை மூன்றும் ஒன்றாகத் தெரியலாம். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், நிச்சயமான கறுப்பு ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பைத் தாராளமாகப் போடுங்கள். நிறத்துக்கு வயதுவரம்பு கிடையாது. முகம் சோர்ந்து தெரிகிறது என்று தோன்றினால் கழுத்தருகே வரும் நிறத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினால் பாதி திரும்பப் போகிறது.

உங்கள் உடம்பை மட்டும் அளக்காமல், உங்களுக்கு மிகச் சரியாக இருக்கும் ஒரு பழைய உடையையும் அளங்கள். தரையில் சமமாக விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோள், கை, முழு நீளம், பின்புற அகலம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு அட்டவணையில் இருப்பது உடல் அளவா, உடையின் அளவா என்று பார்ப்பதுதான் முக்கியம். பலர் தவறுவது இங்கேதான். உடல் அளவு என்றால் உங்கள் மார்பளவோடு ஒப்பிடுங்கள். உடையின் அளவு என்றால் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். இழுபடாத துணியில் குர்த்தியின் மார்பளவு உடலைவிட 3 முதல் 4 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும். பின்னல் துணிக்கு ஒன்றிரண்டு இன்ச் போதும். ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால் அது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. 100 முதல் 150 வரை இலேசானது.

பிரித்ததும் லேபிளை வெட்டாமல் போட்டுப் பாருங்கள், திருப்பி அனுப்பக் கடைசித் தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். முன்பின் தெரியாத தளத்தில் முகவரிக்கு முன் பூட்டுப் படம் இருப்பது அந்தக் கடை நேர்மையானது என்பதற்குச் சான்றல்ல. பணம் திருப்பித் தருகிறோம் என்று யார் அழைத்து ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் வாங்க ஓடிபி தேவையில்லை.

கேள்வி: மாமியார் பெரும்பாலும் சக்கர நாற்காலியில். அவருக்கு நான்தான் வாங்குகிறேன். எதைக் கவனிப்பது?

எல்லாவற்றையும் உட்கார்ந்த உடலுக்காக யோசியுங்கள். பேன்ட்டின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட இரண்டு மூன்று இன்ச் உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு தெரியும். பின்பாக்கெட், தடித்த தையல், அலங்காரக் கல் எதுவும் அடியில் வரக் கூடாது. மணிக்கணக்கில் அழுத்தினால் படுக்கைப்புண் அங்கேதான் தொடங்கும். மேலாடை முன்னால் மடியில் குவியாத அளவு குட்டையாக, பக்க ஸ்லிட் இடுப்பு வரை. கையின் அகலத்தைக் குறையுங்கள், தொங்கும் துணி சக்கரத்தில் சிக்கும். கழிப்பறைக்கு விரைவாகப் போக இடுப்பில் முழு எலாஸ்டிக், நாடா வேண்டாம். சாக்ஸின் மேல்பட்டி காலில் பள்ளம் விழச் செய்தால் தளர்ந்த பட்டி உள்ளதற்கு மாற்றுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நீங்கள் வாங்கினாலும் தேர்வு அவருடையதாக இருக்கட்டும். பத்து உடைகளைப் பரப்பாமல் பொருத்தமான இரண்டை மட்டும் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். துணியைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விடுங்கள். ஒரு வடிவம் நன்றாக அமைந்துவிட்டால் அதையே வேறு நிறங்களில் மூன்று வாங்கிவிடலாம். முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, துவைத்து, ஒரு முழு நாள் போட்டுப் பார்த்த பிறகு மீதி இரண்டையும் வாங்குங்கள்.